ஊசி போட்ட பிறகும் கொரோனா வருவது ஏன்? எந்த ஊசி எவ்வளவு காக்கும்?



கடந்த ஜனவரி மாதம் நம் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் கொரோனாவால் வஃபாத்தானார். எழுபது வயதைக் கடந்தவர். நெடுநாள் சர்க்கரை நோயாளி. சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். கோவிஷீல்டு ஊசி இரண்டு தவணையும் போட்டிருந்தார். இரண்டு தடவையும் அவரை ஆட்டோவில் அழைத்துப் போய் வீட்டில் கொண்டுவந்து விட்டது நம் டிரஸ்டின் தொண்டர்கள்தாம்.

மையவாடியில் மண் தள்ளி, துஆ ஓதி, கூட்டம் கலைந்துகொண்டிருந்தபோது அவருடைய மகன் எங்களிடம் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை, மெதுவாகத்தான் கேட்டார். "நீங்கதானே காக்கா கூட்டிட்டுப் போயி ஊசி போட்டு விட்டீங்க. போட்டும் வாப்பா மவுத்தாப் போயிட்டாங்களே. அப்புறம் அந்த ஊசி எதுக்கு?"

அந்த இடத்தில் அவருக்கு எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அல்லாஹ் பொறுமையைத் தருவானாக என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். ஆனால் அந்தக் கேள்வி மையவாடியோடு நிற்கவில்லை. டீக்கடையிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் பெண்கள் மத்தியிலும் அதே பேச்சுதான். "அவருக்கு ரெண்டு ஊசி போட்டும் வந்துச்சு, இவருக்குப் போடாமலே வரலை" என்கிறார்கள். அதற்குப் பிறகு நாங்கள் நடத்திய முகாமில் நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. இரண்டாம் தவணைக்கு நாள் கடந்தும் வராதவர்கள் உண்டு. மூன்றாவதாகப் போட வேண்டிய முன்னெச்சரிக்கைத் தவணையைப் பற்றிக் கேட்கவும் யாரும் வருவதில்லை.

கேட்டவர் நியாயமான கேள்வியைக் கேட்டார். அதற்கு நியாயமான பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு, ஊசி போடச் சொல்லி வீடு வீடாக வந்த எங்களுக்கு இருக்கிறது. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

தொற்று வேறு, நோயின் கடுமை வேறு

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஊசி போட்டால் கொரோனா வரவே வராது என்று ஆரம்பத்தில் சிலர் மேடையில் பேசினார்கள். நம் தொண்டர்களில் சிலரும் ஆர்வத்தில் அப்படிச் சொல்லியிருக்கலாம். அது சரியல்ல. எந்தக் கொரோனா ஊசியும் அப்படி ஓர் உத்தரவாதம் தரவில்லை.

இந்தக் கிருமி மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் நுழைகிறது. நாம் ஊசி போட்டுக்கொள்வது கைத் தசையில். அதனால் உருவாகும் எதிர்ப்புப் பொருட்கள் பெரும்பாலும் இரத்தத்தில் இருக்கும். மூக்கின் ஈரச் சவ்வில் அவ்வளவாக இருக்காது. ஆகவே கிருமி மூக்கில் வந்து இறங்கி, இரண்டு மூன்று நாள் பெருகி, சளியையும் காய்ச்சலையும் உண்டாக்க இடம் இருக்கிறது. அது நுரையீரலுக்கு இறங்கும்போதுதான் உடம்பின் முழுப் படையும் அதை எதிர்கொள்கிறது.

அந்தப் படையில் இரண்டு பிரிவுகள் உண்டு. இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்புப் பொருட்கள் முதல் பிரிவு. ஊசி போட்ட சில வாரங்களில் இவை உச்சத்தில் இருக்கும், மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். கிருமியை நினைவில் வைத்திருக்கும் அணுக்கள் இரண்டாவது பிரிவு. இவை எளிதில் மறைவதில்லை. கிருமி மறுபடி வந்தால் சில நாட்களில் விழித்துக்கொண்டு, புதிதாக எதிர்ப்புப் பொருளை உண்டாக்கும், கிருமி புகுந்த அணுக்களையும் அழிக்கும். முதல் பிரிவு குறைந்தபின் தொற்று வருகிறது. இரண்டாவது பிரிவு இருப்பதால் அது பெரும்பாலும் சளி காய்ச்சலோடு நின்றுவிடுகிறது.

இது புதிய விஷயமும் அல்ல. நம்மில் பலருடைய தோளில் குழந்தைப் பருவத்தில் போட்ட பி.சி.ஜி. ஊசியின் தழும்பு இருக்கிறது. அது காசநோய்க்கான ஊசி. அதைப் போட்டவர்களுக்கும் பெரியவர்களான பின் நுரையீரல் காசநோய் வருகிறது. ஆனால் சிறு குழந்தைகளின் மூளையைத் தாக்கிக் கொல்லும் காசநோயை அது பெருமளவு தடுக்கிறது. அதற்காகத்தான் இன்றும் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள்.

95 சதவீதம் என்றால் என்ன பொருள்?

"95 சதவீதம் பலன்" என்றால், ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அல்ல பொருள்.

ஃபைசர் ஊசியின் சோதனையை எடுத்துக்கொள்வோம். சுமார் 43,000 பேர் அதில் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு உண்மையான ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று அவர்களுக்கே தெரியாது. முடிவில் உப்புநீர் போட்டவர்களில் 162 பேருக்கு நோய் வந்தது. ஊசி போட்டவர்களில் 8 பேருக்கு வந்தது. 162 வர வேண்டிய இடத்தில் 8 தான் வந்தது. இந்தக் குறைவைத்தான் 95 சதவீதம் என்கிறார்கள். அந்த 8 பேரும் ஊசி போட்டவர்களே. ஆகவே ஊசி போட்டவருக்கும் நோய் வரலாம் என்பது யாரும் மறைத்த இரகசியம் இல்லை. முதல் சோதனையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஒவ்வொரு ஊசியும் எப்படி?

நம் நாட்டில் 2021 ஜனவரி 16 அன்று தடுப்பூசி போடும் பணி தொடங்கியது. நம் ஊரில் பெரும்பாலானவர்கள் போட்டது கோவிஷீல்டு அல்லது கோவாக்சின்.

கோவிஷீல்டு என்பது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகமும் ஆஸ்ட்ராஜெனகாவும் உருவாக்கிய ஊசி. புனேயில் சீரம் நிறுவனம் தயாரித்தது. சிம்பன்சியிடம் காணப்படும் ஒரு சளிக் கிருமியைப் பெருக முடியாதபடி மாற்றி, கொரோனாவின் முள் புரதத்துக்கான குறிப்பை அதில் ஏற்றி அனுப்புகிறார்கள். சோதனையில் முதலில் கிடைத்த பலன் சுமார் 70 சதவீதம். பின்னர் அமெரிக்காவை மையமாகக் கொண்டு நடந்த சோதனையில் 76 சதவீதம்.

கோவாக்சின் ஹைதராபாத் பாரத் பயோடெக், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து செய்தது. முழுக் கிருமியையும் செயலிழக்கச் செய்து தருவது. சுமார் 25,800 பேரிடம் நடந்த சோதனையில் 130 பேருக்கு நோய் வந்தது. அதில் ஊசி போட்டவர்கள் 24, போடாதவர்கள் 106. பலன் 77.8 சதவீதம். 2021 நவம்பர் 3 அன்று உலக சுகாதார நிறுவனம் இதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

வளைகுடாவிலிருந்து வந்த நம் பிள்ளைகள் பலர் ஃபைசர் அல்லது சைனோஃபார்ம் போட்டிருக்கிறார்கள். ஃபைசர், மாடர்னா இரண்டும் எம்.ஆர்.என்.ஏ. என்னும் குறிப்பை மட்டும் கொழுப்புத் துளியில் வைத்துச் செலுத்துபவை. சோதனையில் 95, 94 சதவீதம் காட்டின. சீனாவின் சைனோஃபார்ம் கோவாக்சினைப் போலவே செயலிழந்த முழுக் கிருமி. சோதனையில் 78 சதவீதம். மலேசியாவில் பலர் போட்ட சைனோவாக் ஊசியும் அதே வகை. ரஷ்யாவின் ஸ்புட்னிக் 91.6 சதவீதம் காட்டியது.

இந்த எண்களை வரிசையாக வைத்து, "உன் ஊசி மட்டம், என் ஊசி உசத்தி" என்று பேசுவது தவறு. ஃபைசரின் சோதனை 2020-ல், உருமாறிய கிருமிகள் பரவும் முன்பே நடந்தது. மற்ற சில சோதனைகள் உருமாறிய கிருமி பரவிய காலத்தில் நடந்தன. எதை நோய் என்று கணக்கிடுவது என்பதிலும் வேறுபாடு உண்டு. சைனோவாக் பிரேசிலில் மருத்துவ ஊழியர்களிடம் 51 சதவீதம்தான் காட்டியது. அங்கே மிக லேசான தொற்றையும் சேர்த்து எண்ணினார்கள். அதே ஊசியை இலட்சக்கணக்கானோருக்குப் போட்ட சிலி நாட்டில், நோயைத் தடுப்பதில் 66 சதவீதமும், ஆஸ்பத்திரியில் சேர்வதைத் தடுப்பதில் 87 சதவீதமும், மரணத்தைத் தடுப்பதில் 86 சதவீதமும் கிடைத்தது. ஆகவே, "எத்தனை சதவீதம்?" என்று கேட்பவர், "எதைத் தடுப்பதில்?" என்றும் கேட்க வேண்டும்.

டெல்டா கிருமி பரவியபோது இங்கிலாந்தில் எடுத்த கணக்கும் இதையே சொல்கிறது. இரண்டு தவணை போட்டவர்களிடம் சளி, காய்ச்சல் உள்ளிட்ட நோயைத் தடுப்பதில் ஃபைசர் 88 சதவீதம், ஆஸ்ட்ராஜெனகா 67 சதவீதம். வித்தியாசம் பெரிது. ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கு முற்றுவதைத் தடுப்பதில் ஃபைசர் 96, ஆஸ்ட்ராஜெனகா 92. வித்தியாசம் சிறியதாகிவிட்டது. அதே கணக்கில், ஒரே ஒரு தவணை மட்டும் போட்டவர்களுக்கு நோய்த் தடுப்பு சுமார் 30 சதவீதம்தான். முதல் ஊசியோடு நிறுத்திவிட்டவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கோவாக்சினைப் பொறுத்தவரை, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை ஊழியர்களிடம் இரண்டாம் அலையின் உச்சத்தில் எடுத்த ஆய்வில், நோயைத் தடுப்பதில் பலன் 50 சதவீதமாகக் குறைந்திருந்தது. நோயாளிகளுக்கு நடுவிலேயே நாள் முழுதும் நின்றவர்கள் அவர்கள், பரவியதும் டெல்டா. சோதனையில் கண்ட பலன் களத்தில் குறையலாம் என்பதற்கு இது சான்று.

நம் தமிழ்நாட்டுக் கணக்கு

வெளிநாட்டுக் கணக்கை நம்ப மாட்டோம் என்பவர்களுக்கு நம் மாநிலத்திலேயே இரண்டு கணக்குகள் இருக்கின்றன.

முதலாவது, தமிழ்நாடு காவல்துறை. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் எடுத்தது. 2021 பிப்ரவரி முதல் மே நடுப்பகுதி வரை, 1,17,524 காவலர்களில் 17,059 பேர் ஊசி போடாதவர்கள், 32,792 பேர் ஒரு தவணை போட்டவர்கள், 67,673 பேர் இரண்டு தவணையும் போட்டவர்கள். இரண்டாம் அலையில் ஏப்ரல் 13 முதல் மே 14 வரை கொரோனாவால் இறந்த காவலர்கள் 31 பேர். அவர்களில் ஊசி போடாதவர்கள் 20. ஒரு தவணை போட்டவர்கள் 7. இரண்டும் போட்டவர்கள் 4.

இருபதுக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதாது. அந்த இருபது பேர் பதினேழாயிரம் பேரில் இறந்தவர்கள். அந்த நான்கு பேர் அறுபத்தேழாயிரம் பேரில் இறந்தவர்கள். ஆயிரத்துக்கு 1.17 என்பது 0.06 ஆகக் குறைந்திருக்கிறது. மரணத்தைத் தடுப்பதில் ஒரு தவணை 82 சதவீதம், இரண்டு தவணை 95 சதவீதம் பலன் தந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இரண்டாவது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை ஊழியர்கள். பெரும்பாலும் கோவிஷீல்டு போட்டவர்கள். 2021 பிப்ரவரி கடைசியிலிருந்து மே 19 வரை எடுத்த கணக்கு. இரண்டு தவணை போட்ட 7,080 பேரில் 679 பேருக்குத் தொற்று வந்தது. அதாவது நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேர். ஊசி போட்டும் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் ஊசி போடாத 1,609 பேரில் 438 பேருக்கு வந்தது. அது நூற்றுக்கு இருபத்தேழு பேர். ஆக்சிஜன் தேவைப்பட்டவர்கள், 7,080 பேரில் 4; 1,609 பேரில் 11. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள், முன்னதில் 2, பின்னதில் 8.

"ஆஸ்பத்திரியில் பாதிப் பேர் ஊசி போட்டவர்கள்தானே?"

நம் ஊரில் அதிகம் குழப்பிய கேள்வி இது. அதற்கும் வேலூர் கணக்கிலேயே பதில் இருக்கிறது.

அங்கே ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டவர்களில் இரண்டு ஊசி போட்டவர்கள் 64 பேர். ஊசி போடாதவர்களும் 64 பேர். சரிபாதி. வார்டின் வாசலில் நின்று எண்ணுபவர், "போட்டவனும் போடாதவனும் சமமாகத்தான் வருகிறான், ஊசியால் ஒரு பிரயோசனமும் இல்லை" என்றுதான் சொல்வார். ஆனால் முதல் 64 பேர் 7,080 பேரிலிருந்து வந்தவர்கள். அடுத்த 64 பேர் வெறும் 1,609 பேரிலிருந்து வந்தவர்கள். அந்த ஏழாயிரம் பேரும் ஊசி போடாமல் இருந்து, மற்றவர்களைப் போலவே பாதிக்கப்பட்டிருந்தால், அவர்களில் சுமார் 280 பேர் படுக்கையில் இருந்திருப்பார்கள். இருந்தது 64. மீதி இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வீட்டில் இருந்தார்கள், வேலைக்கு வந்தார்கள். அவர்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வராத நோய் கண்ணுக்குத் தெரியாது.

ஊரில் ஊசி போட்டவர்கள் கூடக் கூட, நோயாளிகளிலும் ஊசி போட்டவர்களின் பங்கு கூடத்தான் செய்யும். எல்லோருமே போட்டுவிட்ட ஊரில் வருகிற நோயாளி ஒவ்வொருவரும் ஊசி போட்டவராகத்தான் இருப்பார். இதை ஊசியின் தோல்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இங்கே எங்களைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் அலையில் நம் டிரஸ்ட் அடக்கம் செய்தவர்களின் பதிவேட்டைப் புரட்டினால், ஊசி போடாதவர்களே மிகுதி. ஆனால் அதை வைத்து ஊசிக்கு ஆதாரம் காட்ட மாட்டோம். அந்த மாதங்களில் நம் ஊரில் பெரும்பாலானோருக்கு ஊசியே கிடைத்திருக்கவில்லை. ஆகவே பதிவேட்டில் அவர்கள் மிகுதியாக இருப்பது இயல்பு. ஒரு பக்கத்து எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பேசுவது தவறென்றால் அது எங்களுக்கும் தவறுதான்.

ஒமைக்ரான் வந்த பிறகு

2021 நவம்பர் 26 அன்று உலக சுகாதார நிறுவனம் ஒமைக்ரானைக் கவலைக்குரிய உருமாற்றமாக அறிவித்தது. அதன் முள் புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். பழைய கிருமியைப் பார்த்துப் பழகிய எதிர்ப்புப் பொருட்களுக்கு இதை அடையாளம் காண்பது கடினமாயிற்று. இரண்டு தவணை ஆஸ்ட்ராஜெனகா போட்டு ஐந்து மாதமானவர்களுக்கு, தொற்றைத் தடுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்று இங்கிலாந்துக் கணக்கு சொன்னது. ஃபைசர் போட்டவர்களுக்கும் அது மிகவும் குறைந்தது. ஜனவரியில் வீட்டுக்கு வீடு சளியும் தொண்டை வலியுமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். எந்த ஊசி போட்டவரும் தப்பவில்லை.

ஆனால் இரண்டு அலைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. அந்த மாதக் கடைசியில் ஒரே நாளில் இறந்தவர்கள் 450-ஐத் தாண்டினார்கள். 2022 ஜனவரி 22 அன்று தொற்று 30,744. ஏறக்குறைய அதே உயரம். மரணமோ ஐம்பது அளவில் நின்றது. இதற்கு ஊசி மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டோம். ஒமைக்ரான் நுரையீரலைத் தாக்குவது குறைவு. நம்மில் பலருக்கு முன்பே தொற்று வந்துபோயிருந்தது. செப்டம்பர் முதல் நடந்த மெகா முகாம்களில் பெரும்பாலானோர் ஊசியும் போட்டிருந்தார்கள். மூன்றும் சேர்ந்த விளைவு அது.

"அப்படியானால் ஒமைக்ரான் லேசானதுதானே, ஊசி எதற்கு?" என்பவர்கள் ஹாங்காங்கைப் பார்க்க வேண்டும். அங்கே முதியவர்களில் பெரும்பகுதியினர், குறிப்பாக எண்பது வயதைக் கடந்தவர்கள், ஊசி போடாமலே இருந்தார்கள். முன்பு தொற்றும் வந்ததில்லை. 2022 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அதே ஒமைக்ரான் அங்கே பரவியபோது, மக்கள்தொகைக் கணக்கில் உலகிலேயே மிக அதிக மரண விகிதங்களில் ஒன்று அங்கே பதிவானது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முழுமையாக ஊசி போடாத முதியவர்கள். அங்கிருந்து வந்த இன்னொரு செய்தியும் முக்கியமானது. அறுபது வயதைக் கடந்தவர்களிடம் கடும் நோயைத் தடுப்பதில் இரண்டு தவணை ஃபைசர் 90 சதவீதத்தை ஒட்டியும், இரண்டு தவணை சைனோவாக் 70 சதவீதத்தை ஒட்டியும் காத்தன. மூன்றாவது தவணை போட்டவர்களிடம் இரண்டுக்கும் வித்தியாசம் மறைந்து, 98 சதவீதத்தை எட்டியது.

யாருக்கு ஊசி குறைவாகக் கைகொடுக்கும்?

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறோம்.

ஊசி, கிருமியோடு நேரடியாகப் போராடுவதில்லை. உடம்புக்குப் பயிற்சி கொடுக்கிறது. போராட வேண்டியது உடம்பு. வயது முதிர்ந்தவர், டயாலிசிஸ் செய்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர், புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர் ஆகியோரின் உடம்பு அந்தப் பயிற்சியை முழுமையாக ஏற்றுக்கொள்வதில்லை. உருவாகும் எதிர்ப்பும் சீக்கிரம் குறைகிறது. நம் பெரியவர் இரண்டாவது ஊசி போட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. டயாலிசிஸுக்காக வாரம் இருமுறை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டிய நிலை. வீட்டிலும் எல்லோருக்கும் சளி இருந்தது. சாதாரண சளி என்று யாரும் பரிசோதனை செய்யவில்லை. ஊசி அவருக்குக் கெடுதி செய்யவில்லை. அவருக்கு அது போதவில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் மூன்றாவது தவணை தொடங்கப்பட்டது. அது தொடங்கிய சில நாட்களிலேயே அவர் நோயில் விழுந்துவிட்டார்.

இதில் எங்கள் குறையும் உண்டு. இரண்டு ஊசி போட்டாயிற்று என்று அவர் பெயரை எங்கள் பட்டியலில் அடித்துவிட்டோம். இனி அப்படிச் செய்வதில்லை. அவரைச் சுற்றியிருந்தவர்கள் முகக்கவசம் அணிந்திருக்க வேண்டும், சளி வந்த அன்றே பரிசோதித்திருக்க வேண்டும் என்று நாங்கள் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஊசி போட்டவர் தனக்கு லேசாக வந்த நோயைப் பிறருக்குக் கொடுக்க முடியும். இதை வலியுறுத்திச் சொல்லத் தவறிவிட்டோம்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சிலர், "அல்லாஹ் நாடியதுதானே நடக்கும்" என்கிறார்கள். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உஹதுப் போருக்குப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போர்க்கவசம் அணிந்தார்கள். தலைக்கவசமும் அணிந்தார்கள். அவர்களைவிட அல்லாஹ்வின்மீது நம்பிக்கை கொண்டவர் யார்? அத்தனை கவசம் இருந்தும் அன்று அவர்கள் காயப்பட்டார்கள். தலைக்கவசத்தின் வளையங்கள் கன்னத்தில் இறங்கின, பல் உடைந்தது. கவசம் அணிந்தும் காயம் பட்டதே, இனிக் கவசம் எதற்கு என்று ஸஹாபாக்களில் ஒருவரும் கேட்டதாக நாம் படித்ததில்லை. ஷாமில் கொள்ளைநோய் பரவிய செய்தி கேட்டு உமர் (ரலி) அவர்கள் பாதி வழியிலிருந்து படையோடு திரும்பியதும் நாம் அறிந்ததே.

ஊசியில் பன்றிக் கொழுப்பு இருக்கிறது என்ற பேச்சும் ஓயவில்லை. கோவிஷீல்டு, கோவாக்சின் இரண்டின் மூலப்பொருள் பட்டியலிலும் ஜெலட்டின் இல்லை. நோன்பு வைத்துக்கொண்டு ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: இது உணவாகவோ பானமாகவோ உடலுக்குள் போவதல்ல என்பதால் நோன்பு முறியாது என்று சவூதி அரேபியாவின் அன்றைய தலைமை முஃப்தி 2021-லேயே அறிவித்துவிட்டார். மேலும் தெளிவு வேண்டுவோர் நம் ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது

ஒரு தவணையோடு நிறுத்தியவர்கள் உடனே இரண்டாவதைப் போட்டுக்கொள்ளுங்கள். நாள் கடந்துவிட்டது என்று தயங்க வேண்டாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

அறுபது வயதைக் கடந்த அனைவருக்கும் 2022 மார்ச் 16 முதல் முன்னெச்சரிக்கைத் தவணை தரப்பட்டது. இரண்டாவது ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. முன்பு போட்ட அதே ஊசியைத்தான் அப்போது போட்டார்கள். பன்னிரண்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் கோர்பிவாக்ஸ் ஊசியும் அதே நாளில் தொடங்கியது. கொரோனா வந்து குணமானவர்கள் மூன்று மாதம் கழித்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதும் அன்றைய விதி.

ஊசிக்குப் பின் ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம். கோவிஷீல்டு போட்டவர்களில் மிக மிக அரிதாக இரத்தம் உறைவது உண்டு. ஊசி போட்ட சில வாரங்களுக்குள் தாங்க முடியாத தலைவலி, மூச்சுத் திணறல், கால் வீக்கம் ஏற்பட்டால் டாக்டரிடம் ஊசி போட்ட விவரத்தைச் சொல்லிக் காட்டுங்கள்.

ஊசி போட்டிருந்தாலும் சளி, காய்ச்சல் வந்தால் பரிசோதனை செய்யுங்கள். வீட்டில் முதியவரோ நோயாளியோ இருந்தால் தனி அறையில் இருங்கள். அறை இல்லாவிட்டால் முகக்கவசமும் திறந்த ஜன்னலுமாவது வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் 94-க்குக் கீழே காட்டினால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். கருவி நம் டிரஸ்ட் அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும்; பயன்படுத்திவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கு உயிர் காக்கும் அந்த மருந்து, தேவைப்படாதவருக்குப் பலன் தராது. சர்க்கரை நோயாளிகளுக்கு அது கரும்பூஞ்சைக்கு வழிவிடுவதை 2021-ல் பார்த்தோம்.

ரமலான் நெருங்குகிறது. இன்ஷா அல்லாஹ் இந்த ஆண்டு தராவீஹ் தொழுகைக்குப் பள்ளி நிறையும். நம் தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர் டயாலிசிஸ் செய்பவரா, புற்றுநோய் மருந்து எடுப்பவரா என்று நமக்குத் தெரியாது. சளி இருப்பவர்கள் அந்த நாட்களில் வீட்டிலேயே தொழுதுகொள்ளுங்கள்.

ரமலானுக்கு முன், ஷஅபான் கடைசி ஜும்ஆவுக்குப் பிறகு, பள்ளிவாசல் மாடியில் அடுத்த முகாம் நடக்கும். பெண்களுக்கு மதரஸா கட்டடத்தில் தனி ஏற்பாடு உண்டு. நடக்க முடியாத பெரியவர்களுக்கு ஆட்டோ வரும். அலுவலகத்தில் பெயர் கொடுத்து வையுங்கள். அறுபது வயதைக் கடந்து, இரண்டு ஊசி போட்டு ஒன்பது மாதம் ஆனவர்களின் பட்டியலை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். மர்ஹூம் பெரியவரின் மனைவியும் அந்தப் பட்டியலில் வருகிறார். இந்த முறை ஆட்டோவை அவர் வீட்டு வாசலுக்கு அனுப்புமுன், இதில் எழுதியதை எல்லாம் அவருடைய மகனிடம் நேரில் போய்ச் சொல்லப் போகிறோம். அவர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகே ஊசியைப் பற்றிப் பேசுவோம். முடிவு அவர்களுடையது.

அல்லாஹ் மர்ஹூமின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கபுரை விசாலமாக்குவானாக. நோயாளிகளுக்கு ஷிஃபாவைத் தருவானாக. நம் அனைவருக்கும் ரமலானை ஆஃபியத்தோடு அடையும் பாக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

செயலாளர்